பதினொரு கிளப்புகள், ஒரு பார்சல்: ஒரு ஸ்டிரைக்கரின் பழைய புரோகிராம் தொகுப்பு பற்றி

இங்கிலாந்தில் கால்பந்தாட்ட நாட்களில் மைதான வாசலில் விற்கப்படும் சிறிய இதழை எல்லாரும் புரோகிராம் என்றே சொல்வார்கள். சொந்த மைதானத்தில் ஆடும் கிளப் அதை அச்சிடும். மேலாளரின் குறிப்பு, எதிரணி வீரர்களைப் பற்றி இரண்டு மூன்று வரி அறிமுகங்கள், புள்ளிப் பட்டியல், உள்ளூர் வணிகர்களின் விளம்பரங்கள், பின்னட்டையில் இரு அணியினரின் எண்களும் பெயர்களும் என்று அதன் அமைப்பு நெடுங்காலமாக அதிகம் மாறாமல் வருகிறது. ஆட்டம் முடிந்ததும் பலர் அதை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பத்திரப்படுத்துபவர்களின் பிரதிகள் ஒரு காலகட்டத்தில் பழைய புரோகிராம் வணிகர்களின் கைக்கு வந்து சேர்கின்றன. அத்தகைய வணிகர் ஒருவரிடமிருந்து நான் வாங்கிய தொகுப்பைப் பற்றியும், அவருடைய சேவையைப் பற்றியும் எழுதுகிறேன்.

வழக்கமாக ஒரு கிளப்பின் ரசிகர் தம் கிளப்பின் புரோகிராம்களைப் பருவவாரியாகச் சேகரிப்பார். நான் கேட்டது ஒரு வீரரின் தொகுப்பு. அடேபாயோ அகின்ஃபென்வா என்ற ஸ்டிரைக்கர் (கோல் அடிக்கும் முன்வரிசை வீரர்) இங்கிலாந்து லீக் அமைப்பில் எந்தெந்தக் கிளப்புக்கு ஆடச் சென்றாரோ, அந்தந்தக் கிளப்பில் அவர் இருந்த காலத்துப் புரோகிராம் குறைந்தது ஒன்றாவது வேண்டும் என்று கேட்டிருந்தேன். பாஸ்டன் யுனைடெட், லெய்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ், டான்காஸ்டர் ரோவர்ஸ், டார்க்கி யுனைடெட், ஸ்வான்ஸி சிட்டி, மில்வால், நார்த்தாம்ப்டன் டவுன், கில்லிங்கம், ஏ.எஃப்.சி. விம்பிள்டன், விக்கம் வாண்டரர்ஸ் என்று அந்தப் பட்டியல் பதினொரு பெயர்களுக்கு நீண்டது. நார்த்தாம்ப்டனுக்கும் கில்லிங்கமுக்கும் அவர் இரண்டு முறை போனார் என்பதால் அந்த இரண்டு கிளப்புகளுக்கும் இரு காலத்துப் பிரதிகளைக் கேட்டேன். பதினைந்துக்கும் மேற்பட்ட புரோகிராம்களுக்குத் தபால் செலவும் சேர்த்து 42 பவுண்டு ஆனது. புதிய புரோகிராம் ஒன்றே மூன்று பவுண்டு அளவில் விற்கும்போது, தேடித் தொகுத்துத் தரும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் இது நியாயமான விலை என்பதே என் கருத்து.

வணிகர் தம் வீட்டிலிருந்தே தனியாளாக இந்தத் தொழிலை நடத்துகிறார். குறைகளையும் சொல்லப் போவதால் அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. கோரிக்கையைத் தொலைபேசியில் கேட்டதும், ஒருவருடைய வாழ்க்கையை வைத்துத் தொகுப்புக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெரிய நட்சத்திரங்களைத்தான் கேட்பார்கள் என்றார். பிறகு பட்டியலை நான் சொல்லச் சொல்ல அவரே எனக்கு முன்பாக அடுத்த கிளப்பின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். கீழ்ப்பிரிவுக் கால்பந்தை உண்மையாகப் பின்தொடர்கிறவர் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இந்த வகைச் சேவைக்கு அந்த அறிவுதான் முதல் தகுதி. ஏனென்றால், ஊர் ஊராகப் போய் ஆடிய ஒரு வீரர் எந்த மாதத்தில் எந்தச் சட்டையில் இருந்தார் என்பதை அறியாதவரால் சரியான இதழைப் பெட்டிக்குள்ளிருந்து எடுக்கவே முடியாது.

பார்சல் பத்தாம் நாள் வந்தது. கெட்டி அட்டைகளுக்கு நடுவே, ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், கால வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தது. வரிசை மாறாமல் அடுக்கி அனுப்பியிருந்ததை இந்தச் சேவையின் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்கும்போது, இருபது ஆண்டு உழைப்பு ஒன்று அதன் உண்மையான நடையில் கண்முன்னே நகர்கிறது.

முதல் நான்கு கிளப்புகளும் ஒரே பருவத்தைச் சேர்ந்தவை. 1982 மே 10 அன்று லண்டனின் இஸ்லிங்டனில் பிறந்த அகின்ஃபென்வா, இருபது வயது நிறைவதற்கு முன்பே லிதுவேனியாவின் அட்லான்டாஸ் கிளப்புக்குப் போனார். அங்கே ரசிகர்களிடமிருந்து கேட்க நேர்ந்த இனவெறிக் கூச்சல்களைப் பற்றிப் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். 2003-இல் திரும்பி வந்து வேல்ஸின் பேரி டவுனில் சில மாதம் ஆடினார். பிறகு 2003-04 பருவத்தில் பாஸ்டன், ஓரியன்ட், ரஷ்டன், டான்காஸ்டர் என்று நான்கு இங்கிலாந்துக் கிளப்புகளின் கதவைத் தட்டினார். மாதக் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் போடப்படும் குறுகிய ஒப்பந்தங்கள் அவை. பயிற்சியில் பிடித்திருந்தால் இன்னொரு மாதம். பிடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை கைகுலுக்கிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

தொகுப்பில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது அந்தப் பாஸ்டன் புரோகிராம். அதன் பின்னட்டையில் பாஸ்டன் வீரர்களின் பட்டியல் இடப்பக்கத்தில் இருக்கிறது. அதில் அகின்ஃபென்வாவின் பெயர் இல்லை. முதலில் வணிகர் தவறான இதழை அனுப்பிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு விளக்கைச் சாய்த்துப் பார்த்தபோது, அச்சிட்ட கடைசிப் பெயருக்குக் கீழே, முன்பு இதை வைத்திருந்தவர் பென்சிலால் எழுதிய ஒரு பெயர் மங்கலாகத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். அவசரத்தில் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டார். புரோகிராம் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே அச்சகத்துக்குப் போய்விடும். வியாழக்கிழமை கையெழுத்திட்டுச் சனிக்கிழமை களமிறங்கும் ஒருவரின் பெயர் அதில் இருக்க வாய்ப்பே இல்லை. நிலையான இடம் இல்லாமல் ஊர் ஊராக அலையும் ஸ்டிரைக்கருக்கு இது ஒருமுறை மட்டும் நடப்பதல்ல. வந்த நாளில் அவர் பெயர் அச்சில் இருக்காது. போன பிறகும், அடுத்த ஊர் அச்சிடும் எதிரணி அறிமுகத்தில் அவர் பெயர் சில வாரம் தங்கியிருக்கும். அவர் ஆடுகிற நாளும் அச்சு சொல்லுகிற நாளும் பொருந்துவதற்கு ஒரே ஊரில் சிறிது காலமாவது நிலைக்க வேண்டும். 21 வயதில் அந்த நிலைப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. புள்ளிவிவரப் பக்கம் எதுவும் எனக்குச் சொல்லாத இந்தச் செய்தியை அந்தப் பென்சில் எழுத்து சொல்லிவிட்டது.

புரோகிராம் வணிகத்தில் இப்படிப் பேனாவோ பென்சிலோ பட்ட பிரதிகளுக்கு மதிப்புக் குறைவு. பட்டியலில் மாற்றங்கள் குறிக்கப்பட்டிருந்தால், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலையைக் குறைத்துவிடுவார்கள். பொதுவான சேகரிப்பாளருக்கு அது சரியான அளவுகோலாக இருக்கலாம். ஆனால் இந்த வகை வீரரின் தொகுப்புக்கு நான் அதை ஏற்கவில்லை. யார் வந்தார், எந்த நிமிடத்தில் வந்தார், யாருக்குப் பதிலாக வந்தார் என்று அன்றைக்கு அங்கே நின்று பார்த்த ஒருவர் எழுதிவைத்த குறிப்புதான் இதில் விலைமதிப்புள்ளது. இரண்டாம் முறை பேசியபோது, எழுத்துள்ள பிரதி இருந்தால் அதையே எனக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, அப்படியானால் விலையையும் குறைக்க வேண்டும் என்று தாமாகவே சொல்லி, மூன்று பிரதிகளை மாற்றித் தந்து நான்கு பவுண்டைத் திருப்பி அனுப்பினார். வாங்குகிறவர் கேட்காமலே விலையைக் குறைக்கிற வணிகரை நான் அடிக்கடி சந்தித்ததில்லை.

டான்காஸ்டர் இதழ் அந்தக் கிளப் மூன்றாம் டிவிஷனை வென்று மேலேறிய பருவத்தைச் சேர்ந்தது. அடுத்த பருவத்தின் டார்க்கி இதழில் அதே லீக் அமைப்பு வேறு பெயர்களோடு வருகிறது. 2004-இல்தான், பிரீமியர் லீக்குக்கு அடுத்த நிலையான முதல் டிவிஷன் சாம்பியன்ஷிப் ஆயிற்று. இரண்டாம் டிவிஷன் லீக் ஒன் ஆயிற்று. மூன்றாம் டிவிஷன் லீக் டூ ஆயிற்று. இரண்டு இதழ்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ஒரு வீரர் உண்மையில் எத்தனை படி ஏறினார் என்பதில் புதிய வாசகருக்குக் குழப்பம் வரும். அதைத் தவிர்க்க வணிகர் ஒரு சிறு சீட்டில் பழைய பெயரையும் புதிய பெயரையும் எதிரெதிரே எழுதி உறைக்குள் வைத்திருந்தார்.

டார்க்கி இதழில் ஒரு பக்கம் குறிப்பிடத்தக்கது. கீழ்ப்பிரிவுக் கிளப்புகளில் ஒவ்வொரு வீரரின் சட்டைக்கும் காலணிக்கும் தனித்தனிப் புரவலர்கள் இருப்பார்கள். குழாய் வேலை செய்பவர், முடிதிருத்தகம், ஒரு குடும்பத்தார், சில நேரங்களில் ஒரு நண்பர் குழு. புரோகிராமில் அந்தப் பட்டியல் வெளியாகும். பழைய வீரர்களின் பெயருக்கு நேரே புரவலர் பெயர் இருக்கும். புதிதாக வந்தவரின் பெயருக்கு நேரே இடம் காலியாக இருப்பதுண்டு. ஒரு வீரரை ஊர் ஏற்றுக்கொண்டதை நான் இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அவர் கோல்கள் அடித்த அந்த 2004-05 பருவத்தின் முடிவில் டார்க்கி லீக் ஒன்னிலிருந்து கீழிறங்கியது. அதே கோடையில் அவர் ஸ்வான்ஸிக்குப் போனார்.

ஸ்வான்ஸி பகுதிக்கு வணிகர் மூன்று இதழ்களைச் சேர்த்திருந்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். முதலாவது, 2005 ஆகஸ்ட் 6 அன்று புதிய லிபர்டி மைதானத்தில் டிரான்மியர் ரோவர்ஸுக்கு எதிராக நடந்த முதல் லீக் ஆட்டத்தின் இதழ். வெட்ச் ஃபீல்டு என்ற பழைய மைதானத்தை விட்டு வந்த ஊருக்கு, புதிய இடத்தில் முதல் கோலை அடித்துக் கொடுத்தவர் அகின்ஃபென்வா. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. மற்ற இரண்டும் கார்டிஃபின் மில்லேனியம் ஸ்டேடியத்தில் நடந்த இறுதி ஆட்டங்களின் இதழ்கள். அப்போது லண்டனின் வெம்பிளி மைதானம் இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் இறுதி ஆட்டங்கள் அங்கே நடந்தன. 2006 ஏப்ரல் 2 அன்று, கீழ்ப்பிரிவுக் கிளப்புகளுக்கான ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதியாட்டத்தில் கார்லைலுக்கு எதிராக அவர் அடித்த கோல்தான் 2-1 என்ற வெற்றியைத் தந்தது. மே 27 அன்று அதே மைதானத்தில், மேல் பிரிவுக்குப் போகும் கடைசி அணியைத் தீர்மானிக்கும் லீக் ஒன் ப்ளே-ஆஃப் இறுதியாட்டம் பார்ன்ஸ்லிக்கு எதிராக 2-2 என்று சமனாகிப் பெனால்டிக்குப் போனது. அவர் அடித்த பெனால்டி கோலாகவில்லை, ஆலன் டேட்டின் பெனால்டியும் வீணாகியது, ஸ்வான்ஸி மேலேறவில்லை.

எட்டு வாரத்துக்குள் நடந்த இந்த இரண்டு நாட்களின் இதழ்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் கனமான வழவழப்புத் தாள், இரண்டிலும் அவர் பெயர் அச்சில் சரியாக இருக்கிறது, இரண்டிலும் எந்தக் கீறலும் இல்லை. ஆட்டத்துக்கு முன்பே அச்சாகிவிடுகிற தாளுக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாது. மேல் பிரிவில் ஆடும் நட்சத்திரத்துக்கு ஒரு பெனால்டி தவறினால் அடுத்த வாரம் இன்னொரு பெரிய ஆட்டம் வரும். இந்தப் பிரிவில் ஒரு ப்ளே-ஆஃப் இறுதியாட்டத் தோல்வி ஒரு கிளப்பின் அடுத்த ஆண்டு வரவு செலவையே மாற்றிவிடும். சக வீரர்கள் பலரின் ஒப்பந்தம் அதோடு முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டு அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. 2007-இன் பிற்பகுதியில் மில்வால் ஒரு குறுகிய ஒப்பந்தம் கொடுத்தது. லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காமல் அது முடிந்தது. தொகுப்பில் அந்தக் காலத்துக்கு ஒரே ஒரு இதழ் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

2008 ஜனவரியில் நார்த்தாம்ப்டனுக்கு வந்தபின் அவர் வாழ்வில் வேறு ஒரு கட்டம் தொடங்குகிறது. 2010 வரை நார்த்தாம்ப்டன், பிறகு ஒரு பருவம் கில்லிங்கம், மறுபடி இரண்டு பருவம் நார்த்தாம்ப்டன், மறுபடி ஒரு பருவம் கில்லிங்கம். இந்த மாறி மாறிப் போதலைப் பார்த்து, நிலையில்லாதவர் என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் கீழ்ப்பிரிவு ஒப்பந்தங்களின் நடைமுறையை எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ போடப்பட்டு ஜூன் 30 அன்று முடிகின்றன. பருவம் முடிந்ததும் மே மாதத்தில் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று பட்டியல் வெளியிடும். 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பின் ஒப்பந்தம் முடிந்த வீரர் பணம் எதுவும் கைமாறாமல் வேறிடம் போகலாம்; அதே காரணத்தால் கிளப்பும் அவரைத் தயக்கமின்றி விட்டுவிடலாம். இந்த நடைமுறையில், ஒருமுறை விட்டுப் போனவரை அதே ஊர் மீண்டும் அழைக்கிறது என்றால், அவர் அங்கே ஆடிய ஆட்டத்துக்கும் நடந்துகொண்ட முறைக்கும் அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அகின்ஃபென்வாவை இரண்டு ஊர்கள் இரண்டாம் முறை அழைத்தன.

எதிரணி அறிமுக வரிகளை ஆண்டுவாரியாகப் படித்துக்கொண்டே வந்தபோது ஒரு விஷயம் என்னை வருத்தியது. தொடக்க கால இதழ்களில் அவரைப் பற்றிய வரிகள் எந்தக் கிளப்பிலிருந்து வந்தார் என்பதோடு முடிந்துவிடுகின்றன. பிற்கால இதழ்களில் கிளப்புகளின் பெயர்ப் பட்டியலே இரண்டு வரியைத் தின்றுவிடுகிறது. மீதமுள்ள ஒரு வரியை அவருடைய எடையும் பலமும் எடுத்துக்கொள்கின்றன. ஃபிஃபா வீடியோ விளையாட்டில் மிகப் பலசாலியான வீரராக அவர் காட்டப்பட்ட பிறகு இது இன்னும் கூடியது. அவர் எப்படி ஆடினார் என்பதை எவரும் எழுத இடம் மிஞ்சவில்லை. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னாலிருந்து தள்ளும் தடுப்பாட்டக்காரரை உடலால் தாங்கி, நெஞ்சில் பந்தை வாங்கி, ஓடிவரும் சகாவின் காலடியில் மெதுவாக வைப்பது வெறும் எடையால் ஆகிற வேலை இல்லை. பந்து வரும் உயரத்தை முன்கூட்டியே கணிக்க வேண்டும். எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை முதுகாலேயே அறிய வேண்டும். மழையில் நனைந்த மைதானத்தில், பந்து பெரும்பாலும் வானத்திலேயே இருக்கும் ஆட்டங்களில், தொண்ணூறு நிமிடமும் இதைச் செய்வதற்குப் பெரிய தொழில்திறன் வேண்டும். 200-க்கும் மேற்பட்ட கோல்கள் அந்தத் திறனிலிருந்து வந்தவை.

நார்த்தாம்ப்டனின் இரண்டாம் காலத்துக்கு 2013 மே மாத வெம்பிளி இதழ் வந்திருக்கிறது. லீக் டூ ப்ளே-ஆஃப் இறுதியாட்டத்தில் பிராட்ஃபோர்டு சிட்டி 3-0 என்று வென்ற நாள். வெம்பிளி இதழ்கள் வாங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: அவை ஆட்டத்தன்று சாதாரணப் புரோகிராமைவிட விலை அதிகம், ஆனால் ஏராளமாக அச்சடிக்கப்படுவதால் பழைய சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன. கிடைப்பதற்கு அரிதானவை, இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வந்த செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டங்களின் இதழ்கள்தான்.

விம்பிள்டன் இதழ் இந்தத் தொகுப்பின் உச்சம். 2015 ஜனவரி 5, எல்லாப் பிரிவுக் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று, கிங்ஸ்மெடோ மைதானம், எதிரணி லிவர்பூல். பழைய விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, 2002-இல் ரசிகர்களே கூடி உருவாக்கிய கிளப் இது. ஐயாயிரம் பேரைக்கூடக் கொள்ளாத அந்த மைதானத்தில், சிறுவயதிலிருந்து லிவர்பூல் ரசிகரான அகின்ஃபென்வா லிவர்பூலுக்கு எதிராகக் கோல் அடித்தார். லிவர்பூலின் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்டு இரண்டு கோல் அடித்து 2-1 என்று ஆட்டத்தை முடித்தார். நான் எழுத்துள்ள பிரதி கேட்டு மாற்றி வாங்கிய மூன்றில் இதுவும் ஒன்று. பின்னட்டையில் ஜெரார்டின் பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் கோல் விழுந்த நிமிடங்களாக 12, 62 என்று இரண்டு எண்கள்; அகின்ஃபென்வாவின் பெயருக்குப் பக்கத்தில் 36. அந்த 36-ஐ எழுதியவர் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் உள்பக்கம் புடைத்திருக்கிறது. விரலால் தடவினால் தெரிகிறது. பாஸ்டனில் பென்சிலால் தவறாக எழுதப்பட்ட பெயர் இங்கே அச்சிலும் இருக்கிறது, மையிலும் குறிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் பதினோரு ஆண்டுகள்.

அடுத்து 2016 மே 30, மறுபடி வெம்பிளி. பிளிமத் ஆர்கைலை 2-0 என்று வென்று விம்பிள்டன் லீக் ஒன்னுக்குப் போனது. தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் இழப்பீடாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் பெனால்டியில் இரண்டாவது கோலை அடித்தவர் அவர். 2006-இல் தவறிய பெனால்டியின் இதழைச் சற்று முன்புதான் கையில் வைத்திருந்ததால் இந்த இதழை எடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில், தமக்கு இப்போது வேலை இல்லை என்றும், தேவைப்படும் மேலாளர்கள் வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளலாம் என்றும் தொலைக்காட்சியில் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் 34 வயதில், ஒப்பந்தம் முடிந்த நிலையில், அது அப்படியே உண்மை. விக்கம் வாண்டரர்ஸின் மேலாளர் கேரத் ஐன்ஸ்வொர்த் அவரை அழைத்துக்கொண்டார்.

விக்கம் இதழ்களில் அவருடைய 20-ஆம் எண் பருவத்துக்குப் பருவம் அதே இடத்தில் நிற்கிறது. ஆறு பருவங்கள் ஒரே ஊர். 2018-இல் லீக் டூவிலிருந்து மேலே. 2020 ஜூலை 13 அன்று ஆள் இல்லாத வெம்பிளியில் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று, கிளப்பின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் நிலைப் பிரிவுக்கு. இம்முறை வாட்ஸ்அப்பில் அவருக்கு வாழ்த்து அனுப்பியவர் லிவர்பூலின் அப்போதைய மேலாளர் யுர்கன் க்ளாப். அடுத்த பருவம் ஒரே ஒரு புள்ளியில் விக்கம் கீழிறங்கியது. அந்தப் பருவத்து இதழ் தொகுப்பில் இல்லை. பெருந்தொற்றால் ரசிகர்கள் இன்றியே பெரும்பாலும் ஆடப்பட்ட பருவம் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. கடைசி இதழ் 2022 மே 21, சண்டர்லாண்டுக்கு எதிரான லீக் ஒன் ப்ளே-ஆஃப் இறுதியாட்டம். 40 வயது நிறைந்து பதினோராம் நாள். விக்கம் 2-0 என்று தோற்றது, அவர் ஓய்வு பெற்றார்.

இனி குறைகள். கில்லிங்கம் முதல் காலத்துக்கு என்று வந்த இதழ் 2009-10 பருவத்தைச் சேர்ந்தது. அவர் அங்கே வந்தது 2010 கோடையில் என்பதால் அந்த இதழுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. வணிகரிடம் சொன்னதும் மன்னிப்புக் கேட்டு, எட்டு நாளில் சரியான இதழைத் தம் செலவில் அனுப்பினார்; தவறானதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஆனாலும் கிளப்புகள் மாறிய தேதிகளே இந்தத் தொகுப்பின் உயிர் என்பதால், அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். லெய்டன் ஓரியன்ட் இதழின் இரண்டு பின்களும் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் பழுப்புக் கறையை ஏற்படுத்தியிருந்தன. பட்டியலில் அது மிக நல்ல நிலையில் இருப்பதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. எழுத்துள்ள பிரதியின் நிலையைக் கடுமையாக மதிப்பிடுபவர் துருவை இவ்வளவு மென்மையாக மதிப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தபால் செலவை முன்கூட்டியே சொல்லாமல் இறுதிக் கணக்கில் சேர்த்ததும் ஒரு குறைதான்.

இதே முறையில் ரிக்கி லாம்பர்ட் என்ற ஸ்டிரைக்கரின் தொகுப்பையும் வணிகர் தருவதாகச் சொன்னார். லிவர்பூலின் இளையோர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஒரு காலத்தில் பீட்ரூட் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு மூடி போட்டு, மேக்கல்ஸ்ஃபீல்டு, ஸ்டாக்போர்ட், ராச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று ஏறி, சவுத்தாம்ப்டன் வழியாக 2013-இல் இங்கிலாந்து அணிக்கு வந்து, முதல் ஆட்டத்தில் முதல் தொடுகையிலேயே ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கோல் அடித்தவர் அவர். முதன்முறையாக இப்படி ஒரு தொகுப்பு வாங்குகிறவருக்கு அதுவே எளிதாக இருக்கும். இதழ்கள் தேடக் கிடைக்கும், கதையும் தெரிந்த கதை. எனக்கு அகின்ஃபென்வாவின் தொகுப்பே பிடித்திருக்கிறது. இங்கிலாந்து சட்டை ஒன்று கடைசியில் வந்து முந்தைய ஊர்களையெல்லாம் வெறும் படிக்கட்டாக மாற்றிவிடாததால், இதில் ஒவ்வொரு ஊரும் அதனதன் மதிப்போடு இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் தாமதிக்க வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2018-இல் லீக் கிளப்புகள் வாக்களித்து, ஆட்டத்துக்கு ஆட்டம் புரோகிராம் அச்சிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டன. இன்றைக்கு இருபது வயதில் மாத ஒப்பந்தத்தில் ஊர் மாறிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்டிரைக்கருக்கு இருபது ஆண்டு கழித்து இப்படி ஒரு பார்சலைத் தொகுக்க முடியுமா என்பது உறுதியில்லை. பழைய மைதானங்களும் போய்க்கொண்டிருக்கின்றன: ஸ்வான்ஸியின் வெட்ச் ஃபீல்டு இல்லை, டான்காஸ்டரின் பெல் வ்யூ இல்லை, பாஸ்டன் 2020-இல் யார்க் ஸ்ட்ரீட்டை விட்டுவிட்டது, விம்பிள்டனும் அதே ஆண்டு கிங்ஸ்மெடோவிலிருந்து ப்ளவ் லேனுக்குத் திரும்பிவிட்டது.

பதினொன்றில் பத்துக் கிளப்புகள்தான் என் பெட்டியில் இருக்கின்றன. ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ் இதழ் கிடைக்கவில்லை. அந்தக் கிளப் 2011-இல் கலைந்துவிட்டது. நீன் பார்க் மைதானமும் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. அவர் அங்கே இருந்தது சில வாரங்களே என்பதால், 2003 டிசம்பருக்கும் 2004 பிப்ரவரிக்கும் இடைப்பட்ட சில ஆட்டங்களின் இதழ்தான் வேண்டும். அது கிடைக்கும்வரை அந்த இடத்துக்கான பணத்தை வாங்க மாட்டேன் என்று வணிகர் சொல்லியிருக்கிறார். வரிசையில் ஓரியன்டுக்கும் டான்காஸ்டருக்கும் நடுவே ஒரு வெற்று உறையை வைத்திருக்கிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே யாராவது எதையாவது எழுதியிருந்தால் அதையே முதலில் அனுப்புங்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.